ரிட்டயர் ஆனப்புறம் டிஜிட்டல் பெயிண்டிங்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேலைய விட்டு வந்து ஆறு வருஷம் ஆச்சு, அதுல அஞ்சரை வருஷமா டேப்லெட்ல படம் வரைஞ்சுட்டு இருக்கேன். அதுக்கு முன்னாடி 34 வருஷம் கணக்குப் பிரிவுலதான் இருந்தேன், ஓவியத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட வேலை பார்த்தவங்க, சொந்தக்காரங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒவ்வொருத்தரா போன் பண்ணி கேக்குறாங்க, எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒரே கேள்விங்கதான். அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

எனக்கு 62 வயசு. ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் பென்சிலே தொட்டதில்ல. இப்ப ஆரம்பிச்சா வருமா?

வரும். சும்மா தைரியத்துக்குச் சொல்லல. ஞ, ழ, ண எல்லாம் அம்பது வருஷத்துக்கு மேல எழுதுற கை உங்க கை, அதுக்கு வளைவும் சுழியும் புதுசு கிடையாது. கை தயாராத்தான் இருக்கு, பழகாம இருக்குறது கண்ணுதான்.

ஒரு டம்ளர மேசை மேல வச்சு வரைஞ்சு பாருங்க. முக்காவாசி பேர் வாய வட்டமா போட்டுட்டு அடிய மட்டும் நேர் கோடா போடுவாங்க. ஏன்னா மேசை தட்டையானதுன்னு மனசுக்குத் தெரியும், அதனால அடியும் தட்டைன்னு மனசு சொல்லிடுது. ஆனா உத்துப் பார்த்தா அடியும் வளைஞ்சுதான் இருக்கும், வாய விட இன்னும் கொஞ்சம் அதிகமாவே வளைஞ்சிருக்கும். தெரிஞ்சத வரையாம தெரியுறத வரையணும், அவ்வளவுதான் இதுல கத்துக்க வேண்டிய பெரிய விஷயம், அதுக்கு வேண்டியது நேரம், அது இப்பத்தான் நம்மகிட்ட இருக்கு.

ஜப்பான்ல தத்சுவோ ஹோரியுச்சின்னு ஒருத்தர், 1940ல பிறந்தவர், வேலைய விட்டு வர்ற சமயத்துல படம் வரைய ஆசைப்பட்டார். பெயிண்டிங் சாஃப்ட்வேர் எதையும் தேடிப் போகாம கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருந்த எக்செல்லயே, கணக்கு போடுற அதே எக்செல்தான், கோடும் வடிவமுமா அடுக்கி மலை, மரம், பூன்னு வரைய ஆரம்பிச்சார். பார்த்தா எக்செல்னு நம்பவே மாட்டீங்க. நானும் வருஷக்கணக்கா எக்செல்ல குப்பை கொட்டினவதான், அதனால அவரோட படங்கள முதல் தடவ பார்த்தப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல.

முதல்ல பேப்பர்ல, வாட்டர்கலர்ல கத்துக்கிட்டுத்தான் இதுக்கு வரணுமா?

வேணாம். ரெண்டும் வேற வேற பாதை. பேப்பர்ல இருக்குற சொரசொரப்பு, கலர் தானா பரவுற அழகு இதுல கிடைக்காது. இதுல கிடைக்குற வசதி அங்க இல்ல: காய வைக்க வேணாம், பிரஷ் கழுவ வேணாம், கெட்டுப்போனா தாள் வீணாகாது, ராத்திரி தூக்கம் வரலைன்னா எழுந்து அப்படியே விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். பெயிண்ட்ல நீலமும் மஞ்சளும் கலந்தா பச்சை வரும். பெரும்பாலான ஆப்ல அப்படி கலந்தா மங்கலா ஒரு சாம்பல் கலர் வரும், ஏன்னா ஸ்கிரீன்ல கலக்குறது வெளிச்சத்த, சாயத்த இல்ல. அதனால பச்சை வேணும்னா கலர் சக்கரத்துல இருந்து பச்சையவே எடுத்துக்கோங்க.

என்ன வாங்கணும்?

முதல் மாசம் ஒண்ணும் வாங்காதீங்க. கைல இருக்குற போன்லயே ஒரு ஆப் போட்டு விரலால வரையுங்க. டேவிட் ஹாக்னி, 1937ல பிறந்த இங்கிலாந்து ஓவியர், எழுபது வயசு தாண்டினப்புறம்தான் ஐபோன்ல வரைய ஆரம்பிச்சார், அதுவும் பெரும்பாலும் கட்டை விரலால. 2010ல ஐபேட் வந்ததும் அதுக்கு மாறினார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்துல 2018ல திறந்த பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு டிசைன் கூட ஐபேட்லதான் போட்டார். விரல் போதும்னு நான் சொல்றது அந்த தைரியத்துலதான்.

ஒரு மாசம் கழிச்சும் ஆசை குறையலைன்னா அப்ப பார்க்கலாம். மூணு வழி இருக்கு. ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட், அத கம்ப்யூட்டர்ல சொருகிட்டு மேசை மேல வச்சு வரையணும், கண்ணு மானிட்டர்ல இருக்கும் கை கீழ இருக்கும். முதல் ஒரு வாரம் ரெண்டு வாரம் எரிச்சலா வரும், கை ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம் போற மாதிரி இருக்கும், அதோட பல பேர் மூட்டை கட்டி வச்சிடுறாங்க. தாண்டிட்டீங்கன்னா கழுத்து குனியாம வரையலாம், நம்ம வயசுக்கு அது சாதாரண விஷயம் இல்ல. இருக்குறதுலயே செலவு கம்மியான வழியும் இதுதான். ரெண்டாவது, ஸ்கிரீன் உள்ள பென் டிஸ்ப்ளே, நேரா படத்து மேலயே வரையலாம், ஆனா இதுக்கும் கம்ப்யூட்டர் வேணும், வயர் அதிகம். மூணாவது, தனியா இயங்குற டேப்லெட்டும் அதுக்கான பேனாவும், சோபால உக்காந்தும் வரையலாம், நான் இருக்குறது இதுலதான்.

வாங்குறப்ப ஏமாறுற இடம் பேனா. முனைல ரப்பர் வச்ச சாதா ஸ்டைலஸ் விரல் மாதிரிதான் வேலை செய்யும், அழுத்தினா கோடு தடிக்காது. உங்க டேப்லெட் மாடலுக்கு அழுத்தம் உணருற பேனா எது பொருந்தும்னு பேர் போட்டு பார்த்துட்டு வாங்குங்க, ஒரே கம்பெனிலயே ஒரு மாடலோட பேனா சில சமயம் இன்னொரு மாடலுக்கு வேலை செய்யாது. அப்புறம் அட்டைப்பெட்டில 4096, 8192ன்னு அழுத்த நிலை போட்டிருக்கும், அந்த வித்தியாசம் நம்ம கைக்குத் தெரியாது, அதுக்காக கூட செலவு பண்ணாதீங்க. பென் டேப்லெட்னா ரொம்ப சின்ன சைஸ் வேணாம், நடுத்தரம் எடுங்க. சின்னதுல மணிக்கட்ட மட்டும் வச்சு வரைய வேண்டி வரும், சீக்கிரம் வலிக்கும்.

எந்த ஆப்?

கம்ப்யூட்டர்னா கிரிட்டா. முழுசா இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். ஐபேட்னா புரோகிரியேட், ஒரு தடவ காசு கட்டினா போதும், மாசா மாசம் கிடையாது. ஆண்ட்ராய்டுன்னா ஐபிஸ் பெயிண்ட் இல்லன்னா ஸ்கெட்ச்புக். மாசச் சந்தா கேக்குறத எல்லாம் முதல் வருஷம் தொடாதீங்க.

எது எடுத்தாலும் ஒரு வருஷம் மாத்தாதீங்க. "இதுல வரல, அதுல நல்லா வருமாம்"னு ஆப் மாத்துறவங்க ஒவ்வொரு தடவையும் பட்டன் எங்க இருக்குன்னு தேடுறதுலயே காலத்த ஓட்டுறாங்க.

ஆப்ப திறந்தா நூறு பட்டன் இருக்கு, பார்த்தாலே பயமா இருக்கே?

அதுல அஞ்சு போதும்: பிரஷ், அழிப்பான், கலர், லேயர், அன்டூ (கடைசியா பண்ணினத ரத்து பண்றது). மத்ததெல்லாம் என்னைக்காவது தேவைப்பட்டா அன்னைக்குத் தேடிக்கலாம். பிரஷ்லயும் ரெண்டு போதும், ஓரம் கூர்மையா இருக்குற வட்ட பிரஷ் ஒண்ணு, ஓரம் மென்மையா கரையுறது ஒண்ணு. மென்மையானத அளவோட வச்சுக்கோங்க, புதுசா வர்றவங்க எல்லாரும் அதையே தேய்ச்சு தேய்ச்சு படம் முழுக்க புகை மூட்டமா ஆயிடும். மேகம் பிரஷ், இலை பிரஷ், தலைமுடி பிரஷ்னு இலவசமா கிடைக்குறத எல்லாம் இறக்கி வைக்காதீங்க. இலை பிரஷ்ஷால ஒரு மரம் அரை நிமிஷத்துல வந்துடும், ஆனா இலை எப்படி கொத்து கொத்தா நிக்குது, நடுவுல வானம் எங்க தெரியுதுன்னு நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.

லேயர்னா என்னன்னு யார் சொல்லியும் புரியல.

கண்ணாடித்தாள் நினைச்சுக்கோங்க. ஒரு தாள்ல வானம், அதுக்கு மேல ஒரு தாள்ல மலை, அதுக்கு மேல மரம். மேல இருந்து பார்த்தா ஒரே படம். மரம் பிடிக்கலைன்னா அந்தத் தாள மட்டும் எடுத்துடலாம், மலைக்கு ஒண்ணும் ஆகாது. அவ்வளவுதான் லேயர்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, வேற லேயர்ல நின்னுக்கிட்டு வரையுறது. நான் ஒரு தடவ ரெண்டு மணி நேரம் முகத்துக்கு கலர் அடிச்சேன், முடிச்சுட்டு பார்த்தா எல்லாம் பென்சில் ஸ்கெட்ச் லேயர்லயே போயிருக்கு, கோடும் கலரும் ஒட்டிப்போச்சு, பிரிக்க வழியே இல்ல. அதுல இருந்து ஒவ்வொரு லேயருக்கும் பேர் வைக்கிறேன், கலர் தொடுறதுக்கு முன்னாடி எந்த லேயர்ல இருக்கேன்னு பார்த்துக்கிறேன். நாலு அஞ்சு லேயருக்கு மேல ஆரம்பத்துல தேவையே இல்ல. பழகினப்புறம் நிழலுக்குன்னு தனியா ஒரு லேயர் போட்டு அந்த லேயரோட செட்டிங்ல மல்டிப்ளைன்னு மாத்திப் பாருங்க, கீழ இருக்குற கலர் அப்படியே இருந்துக்கிட்டு இருட்டு மட்டும் விழும். அத முதல் தடவ பார்த்தப்ப எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

கை லேசா நடுங்குது. கோடு நேரா வராதே?

இதுக்குத்தான் நான் பேப்பர விட டிஜிட்டல் நல்லதுன்னு சொல்றது. எல்லா நல்ல ஆப்லயும் ஸ்டெபிலைசர் இருக்கும், ஸ்மூத்திங், ஸ்ட்ரீம்லைன்னு ஒவ்வொண்ணுல ஒரு பேர். அத கூட்டினா கோடு பேனாவுக்குக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கிட்டு வரும், நடுக்கம் பாதி அதுலயே அடங்கிடும். ரொம்ப கூட்டினா மூலைங்க எல்லாம் மழுங்கிடும், நடுவுல ஒரு அளவு உங்க கைக்குன்னு கிடைக்கும், தேடிப் பாருங்க.

அப்புறம் சின்னதா மெதுவா இழுக்காதீங்க. மெதுவா இழுக்குற கோடுதான் அதிகமா நடுங்கும். படத்த ஜூம் பண்ணி பெருசாக்கிக்கிட்டு, மணிக்கட்ட விட்டுட்டு தோள்ல இருந்து கைய வீசி ஒரே இழுப்பா இழுங்க, தப்பா போனா அன்டூ, திரும்ப இழுங்க. கோடே வேணாம்னாலும் சரி, லாசோங்கிற கருவியால வடிவத்த சுத்தி வளைச்சு உள்ள கலர் நிரப்பலாம், கோடில்லாமலே முழுப் படம் வரையுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

விரல் மூட்டு வலிக்குதுன்னா பேனாவுக்கு தடிமனா ஒரு ரப்பர் பிடி மாட்டுங்க, ஒல்லியான பேனாவ இறுக்கிப் பிடிக்கிறதுதான் வலிய கூட்டுது. செட்டிங்ஸ்ல பிரஷர் கர்வ்னு இருக்கும், லேசா தொட்டாலே கோடு தடிக்குற மாதிரி அத மாத்திக்கலாம். நடுக்கம் புதுசா வந்திருந்தாலோ கூடிக்கிட்டே போனாலோ முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?

கண்ணு சோர்ந்து போகும், வறண்டு போகும், ஏன்னா ஸ்கிரீன உத்துப் பார்க்குறப்ப நாம இமைக்கிறதே குறைஞ்சிடுது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ, 20 அடி தூரத்துல இருக்குற எதையாவது 20 செகண்ட் பாருங்க. கண்ணாடி போடுறவங்க முக்கியமா ஒண்ணு கவனிங்க: படிக்கிற கண்ணாடிக்கும் ஸ்கிரீன் இருக்குற தூரத்துக்கும் பொதுவா ஒத்து வராது, அதான் மோவாய தூக்கி தூக்கி பார்த்து கழுத்து வலி வருது. டாக்டர்கிட்ட போறப்ப நீங்க வரையுற தூரத்த அளந்துட்டுப் போய்ச் சொல்லுங்க, அந்த தூரத்துக்குன்னே கண்ணாடி எழுதிக் கொடுப்பாங்க. ராத்திரி ஸ்கிரீன மஞ்சளாக்குற நைட் மோட் ஓடிட்டு இருந்தா, வரையுறப்ப அத நிறுத்திடுங்க, இல்லன்னா காலைல பார்க்குறப்ப கலர் எல்லாம் வேற மாதிரி இருக்கும்.

புரை விஷயத்தையும் சொல்லணும். எனக்கு முதல்ல ஒரு கண்ணுலதான் புரை ஆபரேஷன் ஆச்சு, அப்ப கொஞ்ச நாள் ஒரு வேலை பண்ணினேன், வெறும் வெள்ளை கேன்வாஸ திறந்து வச்சுக்கிட்டு ஒரு ஒரு கண்ணா மூடிப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன கண்ணுல பளீர்னு வெள்ளை, ஆகாத கண்ணுல அதே வெள்ளை பழைய தாள் மாதிரி பழுப்பு. வயசாக ஆக கண்ணோட லென்ஸ் மஞ்சளாயிட்டே போகுது, நீலத்த உள்ள விடுறது குறையுது, மெதுவா நடக்குறதால நமக்குத் தெரியுறதே இல்ல. அதுக்கு முன்னாடி நான் வரைஞ்ச வானம் எல்லாம் எடுத்துப் பார்த்தா நீலம் அளவுக்கு மீறி இருக்கு, எனக்குத் தெரியாம நானே ஈடு கட்டியிருக்கேன். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923ல, 82 வயசுல புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர், அவரோட படங்கள்ல கலர் மாறிக்கிட்டே போனத பத்தி படிச்சப்ப முன்னாடி புரியல, இப்ப புரியுது.

பார்வை ரொம்பவே குறைஞ்சிருந்தாலும் கைவிட வேணாம். அமெரிக்காவுல ஹால் லாஸ்கோன்னு ஒருத்தர், 1915ல பிறந்தவர், விழித்திரை பாதிச்சு பார்வை மங்கினப்புறமும் விண்டோஸோட சாதா பெயிண்ட் புரோகிராம்ல படத்த பெருசு பண்ணி பெருசு பண்ணி, புள்ளி புள்ளியா வச்சே தொண்ணூறு வயசு தாண்டியும் வரைஞ்சார். பேப்பர ஜூம் பண்ண முடியாதே.

எதை வரையுறது? உக்காந்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது.

வீட்ல இருக்குற ஒரு பொருள எடுங்க. மூக்குக்கண்ணாடி வைக்குற கூடு, சாவிக்கொத்து, செருப்பு, எதுவானாலும் சரி. அத முப்பது நாள் வரையுங்க, அதே பொருள, தினம் அரை மணி நேரம். நான் எங்க வீட்டுக்காரரோட கண்ணாடிக் கூட்ட எடுத்துக்கிட்டேன். மூணாம் நாளே சலிச்சுது. எட்டாம் நாள் வாக்குலதான் கவனிச்சேன், நிழல் கருப்பே இல்ல, ஜன்னல் பக்கம் வச்சா நிழல்ல லேசா நீலம் இருக்கு, லைட் போட்டா அது மாறுது, கூட்டோட மேல்மூடிக்கு அடில மேசையோட பழுப்பு பட்டுத் தெறிக்குது. இருபது வருஷமா எங்க வீட்ல கிடந்த கூடு அது. அந்த முப்பது நாள்ல நான் கத்துக்கிட்டத அதுக்கு முந்தின ஆறு மாசம் வீடியோ பார்த்துக் கத்துக்கல.

பெரிய படம் வரையுறதுக்கு முன்னாடி தீப்பெட்டி சைஸ்ல மூணே கலர்ல, வெள்ளை, சாம்பல், கருப்பு, மாதிரி போட்டுப் பாருங்க. அந்த சைஸ்ல என்னன்னு புரியலைன்னா பெருசாக்கினாலும் புரியாது. நடுநடுவுல படத்த கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா வெளிச்சமும் இருட்டும் பத்தலைன்னு அர்த்தம். இடம் வலமா திருப்புற பட்டன் ஒண்ணு இருக்கும், முகம் வரையுறப்ப அத அமுக்கினா கோணல் எல்லாம் உடனே தெரிஞ்சிடும்.

அன்டூ பண்ணிப் பண்ணியே நேரம் போகுது, ஒரு படமும் முடிய மாட்டேங்குதே?

இது எல்லாருக்கும் வர்றதுதான், நானும் ஒரு வருஷம் இதுல மாட்டிக்கிட்டிருந்தேன். அன்டூ நம்ம பயத்த போக்குது, அதுக்கு அத கும்பிடணும், ஆனா ஒரே புருவத்த நாப்பது தடவ அழிச்சு வரையவும் அதுதான் விடுது. வாரத்துல ஒரு நாள் அன்டூ தொடாம ஒரு படம் வரையுங்க, ஒரே லேயர், ஒரு மணி நேரம், மணி அடிச்சா முடிஞ்சது, தேதி போட்டு வச்சிடுங்க. தப்பா போன கோட்டுக்கு மேலயே சரியான கோட்ட போடுங்க. அந்தப் படங்கள்ல ஒரு உயிர் இருக்கும், அத நீங்களே பார்ப்பீங்க.

போட்டோ மேல வச்சு டிரேஸ் பண்றது தப்பா?

கத்துக்கறதுக்குன்னா தப்பில்ல. ஆனா வெளிக்கோட்ட மட்டும் இழுக்காதீங்க, மண்டை எப்படி உருண்டையா இருக்கு, கழுத்து எங்க சாயுதுன்னு வடிவத்த டிரேஸ் பண்ணுங்க, அப்புறம் போட்டோவ பக்கத்துல வச்சுட்டு திரும்ப ஒரு தடவ பார்த்தே வரையுங்க. கலர போட்டோல இருந்து ஐட்ராப்பர் (கலர உறிஞ்சி எடுக்குற கருவி) வச்சு எடுக்காம முதல்ல நீங்களே ஊகிச்சு வச்சுட்டு, அப்புறம் எவ்வளவு தள்ளிப் போயிருக்குன்னு சரி பார்க்க மட்டும் எடுங்க. அடுத்தவங்க எடுத்த போட்டோவ பார்த்து வரைஞ்சத உங்க சொந்தப் படம்னு போடாதீங்க, விக்கவும் கூடாது. சொந்தமா எடுத்த போட்டோதான் நல்லது. பழைய ஓவியங்கள காப்பி பண்ணிப் பழக ஆசைன்னா நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017ல இருந்து உரிமை முடிஞ்ச படைப்புகளோட படங்கள யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம்னு திறந்து விட்டிருக்காங்க.

ஏஐ ஒரு நிமிஷத்துல வரைஞ்சு தருதே, நாம எதுக்கு கஷ்டப்படணும்?

வண்டி வந்தப்புறமும் காலைல நடக்கத்தானே போறோம். எனக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்.

பிரிண்ட் போட்டு சுவர்ல மாட்டலாமா?

தாராளமா. ஆனா ஆரம்பிக்கும்போதே சைஸ் முடிவு பண்ணணும், பின்னாடி பெருசாக்கினா மங்கிடும். ஏ4 சைஸ் நல்லா வரணும்னா 2480க்கு 3508 பிக்சல் (படத்துல இருக்குற புள்ளிங்க), ஏ3ன்னா 3508க்கு 4961, ரெண்டும் 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு. டேப்லெட்ல கேன்வாஸ் பெருசாக பெருசாக லேயர் எண்ணிக்கை குறையும், அதையும் பார்த்துக்கோங்க. ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்குற பச்சையும் நீலமும் தாள்ல கொஞ்சம் மங்கலாத்தான் வரும், ஸ்கிரீனுக்கு உள்ள இருந்து வெளிச்சம் வருது, தாளுக்கு அது இல்ல. முதல்ல சின்னதா ஒண்ணு அடிச்சுப் பார்த்துட்டு, இருட்டா இருந்தா படத்த கொஞ்சம் வெளிச்சமாக்கி அப்புறம் பெருசு போடுங்க.

வித்து சம்பாதிக்கலாமா?

சிலர் சம்பாதிக்கிறாங்க, நான் முயற்சி பண்ணல. ஆனா படத்த இணையத்துல போட்டா "உங்க படத்த பெரிய தொகைக்கு வாங்கிக்கிறேன், முதல்ல நீங்க ஒரு கட்டணம் கட்டுங்க"ன்னும், "தெரியாம அதிகமா அனுப்பிட்டேன், மிச்சத்த திருப்பி அனுப்புங்க"ன்னும் மெசேஜ் வரும். ரெண்டும் மோசடிதான், பதிலே போடாதீங்க.

வரைஞ்சதெல்லாம் பத்திரமா இருக்குமா?

தானா இருக்காது. சில ஆப்ல படங்கள் ஆப்புக்கு உள்ளயேதான் இருக்கும், ஆப்ப அழிச்சா படமும் போச்சு. எனக்கு டேப்லெட் கீழ விழுந்து உயிர் போனப்ப எட்டு மாசப் படம் அதோட போயிடுச்சு. அதுல எங்க வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உக்காந்து பேப்பர் படிக்கிற படம் ஒண்ணு, நான் முதல் தடவ திருப்தியா முடிச்சது. நல்ல வேளையா பேத்திக்கு மெசேஜ்ல ஒரு காப்பி அனுப்பியிருந்தேன், ஆனா அனுப்புறப்ப சுருங்கின ஜேபெக் ஃபைல் அது, லேயரும் இல்ல, பிரிண்ட் போடுற அளவுக்கு பிக்சலும் இல்ல. அதையே அடில வச்சுக்கிட்டு மேல புதுசா திரும்ப வரைஞ்சேன், மூணு வாரம் ஆச்சு.

இப்ப ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி எல்லாப் படத்தையும் ரெண்டு விதமா சேமிக்கிறேன், லேயரோட இருக்குற ஆப்போட சொந்த ஃபைல் ஒண்ணு, தரம் குறையாம படத்த மட்டும் வைக்குற பிஎன்ஜி ஒண்ணு. ரெண்டும் வெளி ஹார்ட் டிஸ்க்லயும் போகும், கிளவுட்லயும் போகும். ஃபைல் பேர்ல முதல்ல வருஷம், மாசம், தேதி, அப்புறம் என்ன படம்னு. கண்ணாடி கூடு முப்பதும் வரிசையா அதுலதான் இருக்கு.